'நம்ம ரத்தம்': தொப்புள்கொடி வங்கிகள் விற்பது என்ன?

(மதுரையில் மாணவர்கள் நடத்தும் வாசகர் வட்டத்தில் பேசியது. நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



"ரத்த தானம் பற்றிப் பேசுங்க அக்கா" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் 16 வருடமாக லேப் டெக்னீசியனாக இருக்கிறேன், அதனால். ஆனால் ரத்த தானத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றும் என்னிடம் இல்லை. வருடத்துக்கு இரண்டு முகாம் போடுகிறவர்கள் நீங்கள். ஆகவே வேறு ஒரு ரத்தத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பிள்ளை பிறந்த பிறகு தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் தங்கிவிடுகிற ரத்தம். ஒரு டீ கிளாஸ் அளவுதான் இருக்கும், 80 மில்லி, 100 மில்லி. அந்த ஒரு கிளாஸுக்கு இன்றைக்கு ஒரு பெரிய சந்தை இருக்கிறது.

அதற்கு முன்னால் என் ஆச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பெற்ற ஆச்சி, எங்கள் ஊரில் மருத்துவச்சி. தாத்தா ஊருக்கு முடி வெட்டினார், ஆச்சி ஊருக்குப் பிள்ளை எடுத்தார். எங்கள் சாதிக்கு ஊர் ஒதுக்கிக் கொடுத்த தொழில்கள் இவை. நடுச்சாமத்தில் வந்து கதவைத் தட்டுவார்கள். "ஏ மருத்துவச்சி, எந்திரி" என்று கூப்பிடுகிறவன் ஆச்சியின் பேரன் வயதில் இருப்பான். கொல்லைப்புற வழியாக உள்ளே விடுவார்கள். பிள்ளையை எடுத்து, கொடியை அறுத்து, நஞ்சை வாங்கி, துணியெல்லாம் அலசி, நஞ்சைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வர வேண்டும். அந்த ரத்தம் தீட்டு. அதைத் தொடுகிற கையும் தீட்டு. தீட்டுக் கழித்த பிறகு அதே வீட்டுத் திண்ணையில் ஆச்சி உட்கார முடியாது. கூலி ஒரு மரக்கால் நெல், ஒரு பழைய சேலை. அந்தச் சேலைகளைக் கிழித்துத்தான் எங்கள் அம்மாவுக்குப் பாவாடை தைத்தார்கள்.

இப்போது என் தங்கை கதைக்கு வருகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

தங்கை சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டவள். மாப்பிள்ளை, எங்கள் ஆச்சியைக் கொல்லைப்புறமாக விட்ட வீடுகளின் சாதி. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளை உண்டானது தெரிந்த பிறகு மாமியார் வந்தார், வளைகாப்பு நடந்தது. அடுத்த வாரம் தனியார் மருத்துவமனை செக்கப்பில் ஒரு இளைஞர் கையில் ஃபைலோடு இவர்களைப் பிடித்துவிட்டார். தொப்புள்கொடி ரத்த வங்கியின் பிரதிநிதி. வீட்டுக்கே வந்து விளக்கினார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். எண்பது நோய்களின் பட்டியலைக் காட்டினார். "இது உங்க குழந்தைக்கு பயாலஜிக்கல் இன்சூரன்ஸ் மேடம்" என்றார். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரோ எவரோ ரத்தத்தை ஏத்த வேண்டாம் பாருங்க. நம்ம ரத்தம், நம்ம பிள்ளைக்கே."

மாமியார் தலையை ஆட்டினார். "அதான் சரி. நம்ம ரத்தம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். அந்த 'நம்ம'வில் என் தங்கை இருக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது, கேட்கவில்லை. என் வேலை தெரிந்தும் தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணையில் அறுபதாயிரம் சொச்சம். முன்பணம் கட்ட இரண்டு பவுன் வளையலை அடகு வைத்தாள்.

கோபத்தில் அன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன். அந்த வீட்டில் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ரத்தம் ஏமாற்று வேலை கிடையாது. இதன் அறிவியல் உண்மையானது, அழகானதும்கூட. தொப்புள்கொடி ரத்தத்தில், ரத்தத்தையே உற்பத்தி செய்கிற ஸ்டெம் செல்கள் நிறைய இருக்கின்றன. நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிற அதே வகைச் செல்கள். 1988 அக்டோபரில் பாரிஸ் செயிண்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் என்ற பெண் மருத்துவர், ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் உள்ள ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு இதை முதன்முதலாகச் செலுத்தினார். அவனுக்குப் பிறந்த தங்கையின் கொடி ரத்தம் அது. ஹால் பிராக்ஸ்மேயர் என்ற விஞ்ஞானி அதைத் தன் ஆய்வகத்தில் உறையவைத்துக் கொடுத்தார், விமானத்தில் பாரிஸ் போனது. பையன் பிழைத்தான், வளர்ந்து ஆளானான். குப்பையில் போன ஒன்று மருந்தாக மாறியது அன்றுதான்.

அந்த முதல் சிகிச்சையிலேயே ரத்தம் யாருடையது என்று பாருங்கள். அந்தப் பையனுடையது இல்லை, தங்கையுடையது. அவனுடைய சொந்தக் கொடி ரத்தத்தை ஐந்து வருடம் முன்பே சேமித்து வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. நோய் மரபணுவில் இருக்கிறது. அந்த மரபணுக் கோளாறு அவனுடைய ஸ்டெம் செல்லிலும் இருக்கும். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை, பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிரதிநிதி காட்டிய எண்பது நோய்ப் பட்டியலில் பெரும்பாலானவை, இன்னொருவருடைய ரத்தம் இருந்தால் மட்டுமே சரிசெய்யக் கூடியவை. பட்டியலில் பொய் இல்லை. யாருடைய ரத்தம் என்ற விவரத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ரத்தப் புற்றுநோய்க்கு என்று சொல்வார்கள். குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோயில் பல, கருவிலேயே முதல் பிழையோடு தொடங்குகின்றன. பிரிட்டனில் மெல் கிரீவ்ஸ் குழு 1997இல் இதைக் காட்டியது. பிறந்தவுடன் பரிசோதனைக்காகக் குதிகாலில் குத்தி அட்டையில் எடுத்து வைத்த ரத்தப் பொட்டுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் பொட்டுகளில், நோயின் மரபணுத் தடயம் பிறந்த அன்றே இருந்தது. அப்படியானால் அதே பிள்ளையின் கொடி ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? நோயின் விதையைத் திரும்ப விதைத்த மாதிரி ஆகலாம். இன்னொரு காரணமும் உண்டு. வேறொருவரின் நோய் எதிர்ப்புச் செல்கள் உள்ளே வந்தால், மிச்சமிருக்கிற புற்றுச் செல்களை அந்நியம் என்று கண்டுபிடித்துக் கொல்லும். சொந்தச் செல் அதைச் செய்யாது. அந்நிய ரத்தம் என்பதுதான் அங்கே மருந்தின் ஒரு பகுதி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளில், வருங்காலச் சொந்த உபயோகத்துக்காகக் கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு நிலையில் மட்டும் தனியாகச் சேமிக்கலாம் என்கிறது. மூத்த பிள்ளைக்கு இந்த வகைச் செல்களால் குணமாகக்கூடிய நோய் இருந்து, தாய் அடுத்த பிள்ளையைச் சுமக்கும்போது. கொடி ரத்தம் தவிர கொடித் திசு, பல் என்று எதையும் வணிக வங்கியில் வைக்க அனுமதி இல்லை என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் குழந்தை மருத்துவர் சங்கமும் 'இன்சூரன்ஸ்' என்று நினைத்துச் சேமிக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன.

சேமித்த இடத்தில் பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியில் வருடக்கணக்காக வைக்க வேண்டும். சிங்கப்பூரில் கண்டிப்பான கண்காணிப்பு உண்டு என்பார்கள். அங்கேயே 2023இல் ஒரு தனியார் வங்கியின் ஏழு தொட்டிகளில் வெப்பநிலை ஏறிப்போனதைச் சுகாதார அமைச்சகம் கண்டுபிடித்தது. ஒரு தொட்டியில் மட்டும் சுமார் 2,200 சேமிப்புகள் பாழ். பெற்றோருக்கு அதுவரை எதுவும் தெரியாது. எப்படித் தெரியும்? எடுக்கவே போவதில்லை என்கிற பொருள் கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். 'தமிழன் அன்றே தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டினான், பிள்ளைக்கு நோய் வந்தால் அதை உரைத்துக் கொடுத்தான், இன்றைய ஸ்டெம் செல் அன்றே நம்மிடம்' என்று. நம் தோழர்களே சிலர் பெருமையாக அனுப்புகிறார்கள். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது. அதை உரைத்து வாயில் ஊற்றினால் வயிற்றில் செரித்துப் போகும். உயிரோடு வைக்கத்தான் மைனஸ் 196 டிகிரி வேண்டியிருக்கிறது. வேதத்தில் விமானம் இருந்தது என்று ஒருவர் சொன்னால் சிரிக்கிறோம். தாயத்தில் ஸ்டெம் செல் இருந்தது என்றால் மட்டும் ஏன் கைதட்ட வேண்டும்? அந்தத் தாயத்துக்குள் போன கொடியை அறுத்தவர் பெயரை அந்த ஃபார்வர்டு எதிலாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி. இன்னொருவருடைய ரத்தம் வேண்டும் என்றால் யாருடையது?

நம் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. உடம்பு 'இது நான், இது அந்நியம்' என்று பிரித்துப் பார்ப்பது இதை வைத்துத்தான். பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. கூடப்பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பொருந்தவில்லை என்றால் உறவல்லாத ஒருவரைப் பதிவேடுகளில் தேட வேண்டும். உலகம் முழுவதும் நான்கு கோடிக்கும் மேல் பதிவு செய்திருக்கிறார்கள். 140 கோடிப் பேர் இருக்கிற நம் நாட்டில் பதிவு செய்தவர்கள் சில லட்சம்தான்.

இங்கேதான் சாதி வந்து நிற்கிறது.

2013இல் பிரியா மூர்ஜானி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், டேவிட் ரெய்ச் முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்து மக்களின் மூதாதையர் ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகு கலப்பு நின்று, அகமண இறுக்கம் தொடங்குகிறது. 'ஆதியிலிருந்தே எங்கள் ரத்தம் சுத்தம்' என்கிற எந்தச் சாதிக்கும் அந்த ஆய்வில் இடமில்லை. எல்லோரும் கலப்பு, சுவர் பிறகு எழுப்பியது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரை, சாதியின் சாரமே அகமணம்தான் என்றது. அவரிடம் மரபணு இயந்திரம் எதுவும் இருக்கவில்லை.

சுவருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? 2017இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 குழுக்களில், மரபணு நோய்களுக்குப் பேர்போன பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் கடுமையான அகமணத் தடயம் இருந்தது. ஆந்திர வைசியர்களிடையே ஒரு நொதிக் குறைபாடு கூடுதலாக உண்டு. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கிற மருந்தின் விளைவு அவர்களுக்கு நீண்ட நேரம் விலகாது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்களுக்கு இது தெரிந்த விஷயம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் திருமணங்கள் சொந்தத்துக்குள். மாமன் மகள், அத்தை மகன் முறையை நாம் எல்லோருமே வீட்டில் பார்த்தவர்கள்.

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. சாதி ரத்தத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தில் சாதி இருந்தால் 16 வருடத்தில் ஒரு முறையாவது மைக்ராஸ்கோப்பில் பட்டிருக்கும். கதவைச் சாத்தி வைத்ததால் சில நோய்கள் உள்ளேயே சுற்றுகின்றன, எச்.எல்.ஏ. வகைகளும் சின்னச் சின்னக் குளங்களாகத் தேங்கிவிட்டன. அதனால் இந்தப் பதிவேடு இன்னும் பெரிதாக, இன்னும் பலதரப்பட்டதாக இருக்க வேண்டியிருக்கிறது. பதிவேட்டிலோ ஆளே இல்லை.

அமெரிக்காவில் நிறத்தால் இதே சிக்கல். 2014இல் வெளியான ஒரு கணக்கு: எலும்பு மஜ்ஜைப் பதிவேட்டில் முழுப் பொருத்தமான ஆள் கிடைக்க ஐரோப்பிய வழி வெள்ளையர்களுக்கு 75 விழுக்காடு வாய்ப்பு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு 20க்கும் கீழே. அந்த இடத்தில்தான் கொடி ரத்தம் தன் மதிப்பைக் காட்டியது. பிறந்த பிள்ளையின் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்னும் யாரையும் சந்திக்காதவை, பழகாதவை. 'நான், நீ' என்று கறாராகப் பார்க்காது. பெரியவர்களின் மஜ்ஜை என்றால் எல்லா அடையாளமும் பொருந்த வேண்டும் என்கிற இடத்தில், கொடி ரத்தத்துக்கு ஆறில் நான்கு பொருந்தினாலே போதும். அந்தச் சலுகையோடு தேடினால், எந்த இனமானாலும் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு கொடி ரத்தம் கிடைத்துவிடுகிறது என்று அதே ஆய்வு சொன்னது. 2022இல் செய்தி வந்ததே, எச்.ஐ.வி.யும் ரத்தப் புற்றுநோயும் இருந்த நியூயார்க் பெண், கலப்பினத்தவர். எச்.ஐ.வி.யைத் தடுக்கிற அபூர்வ மரபணு மாற்றம் உள்ள கொடி ரத்தம் அவருக்குக் கொடுக்கப்பட்டது. அவரோடு ஓரளவு மட்டும் பொருந்தியது. அது வேர் பிடிக்கும் வரை தாங்க, உறவினர் ஒருவரின் செல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எச்.ஐ.வி. திரும்பவில்லை.

இவை பெரும்பாலும் பொது வங்கிகளில் இருந்து வருகிறவை. முன்பின் தெரியாத ஒரு தாய், பெயர் கூடச் சொல்லாமல், காசு வாங்காமல் கொடுத்தது. நியூயார்க் ரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் 90களின் தொடக்கத்தில் ஆரம்பித்த முறை. யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்கு. நம் நாட்டில் அது வளரவில்லை. தனியார் வங்கிதான் ஊருக்கு ஊர் வந்தது. இப்போது 'சமூக வங்கி' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். பணம் கட்டியவர்களின் சேமிப்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பணம் கட்டியவர்களுக்குள் பகிர்ந்துகொள்வது. சொந்தச் சேமிப்பை விட அறிவியலாக இது மேல், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரிலும் 'ஊர்ப் பொதுக்கிணறு' ஒன்று இருந்தது. ஊர் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடி ரத்தத்தின் பொற்காலம் மருத்துவத்திலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒரு கொடியில் செல்கள் கம்மி. நோயாளியின் எடையில் கிலோவுக்கு இரண்டரைக் கோடி செல்களாவது வேண்டும் என்பார்கள். சின்னப் பிள்ளைக்குப் போதும், 60 கிலோ ஆளுக்குப் பெரும்பாலும் போதாது, இரண்டு கொடி வேண்டும். வேர் பிடிக்கவும் தாமதமாகும், அதுவரை தொற்று பயம். இதற்கிடையே அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, அப்பா, அம்மா, பிள்ளை என்று பாதி மட்டும் பொருந்துகிறவர்களிடமிருந்தே மஜ்ஜை எடுத்து, சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய, மலிவான மருந்தைப் பிறகு கொடுத்துச் சமாளிக்கிற வழியைப் பக்குவப்படுத்தியது. இந்தியாவிலும் இப்போது அது நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986இலேயே தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்றினார்கள். ஆக, தேவைப்படும்போது இன்னொரு மனிதர் கிடைப்பார் என்கிற வாய்ப்பு கூடிக்கொண்டிருக்கும் காலத்தில், தன் ரத்தத்தைத் தனக்கே பூட்டி வைக்கச் சொல்லி விற்கிறார்கள். ஆட்டிசம், மூளை வாதம் என்று சொல்லியும் விற்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகம் 180 ஆட்டிசக் குழந்தைகளிடம் முறையாகச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், முக்கிய அளவுகோலில் பலன் தெரியவில்லை.

மாற்று சிகிச்சை வெற்றி பெற்றவர்களிடம் ஒரு விஷயம் நடக்கும். நோயாளி ஓ பாசிட்டிவ், கொடுத்தவர் பி பாசிட்டிவ் என்று வையுங்கள். சில மாதங்களில் நோயாளியின் ரத்த வகை பி பாசிட்டிவ் ஆகிவிடும். அவர் ரத்தத்தை எடுத்து மரபணு பார்த்தால் கொடுத்தவருடையது வரும். கன்னத்துச் செல்லை எடுத்தால் பழைய ஆள். ஒரே உடம்பில் இரண்டு பேர். இப்படி ஒரு மாதிரி முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது, பழைய அட்டைக்கும் புதிய முடிவுக்கும் ஒத்துப்போகாமல், தப்பாகச் செய்துவிட்டோமோ என்று மூன்று முறை திரும்பச் செய்தேன். அந்த அண்ணனுக்கு மஜ்ஜை கொடுத்தவர் எந்த ஊர், என்ன மொழி என்று அவருக்கே தெரியாது. இனி சாகும்வரை அவர் உடம்பில் ஓடப்போவது அந்த ஆளின் ரத்தம். எங்கள் கவுண்டரில் 'நம்ம ஆளுங்க ரத்தமா இருந்தா பரவாயில்ல' என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அட்டை ஞாபகம் வரும்.

இனி அந்த ஒரு கிளாஸ் ரத்தம். சேமிக்க வேண்டாம் என்றால் குப்பையில் போடுவதா? வேண்டாம். பிள்ளைக்கே கொடுக்கலாம், பிறந்த அன்றே, இலவசமாக.

பிள்ளை வெளியே வந்தவுடன் கொடியில் துடிப்பு நிற்பதில்லை. நஞ்சுக்கொடியில் இருக்கிற ரத்தம் சில நிமிடம் பிள்ளைக்குள் போய்க்கொண்டே இருக்கும். பிறந்த பிள்ளையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான். அதில் 80, 100 மில்லி என்பது எவ்வளவு பெரிய பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு மாதக்கணக்குக்கான இரும்புச்சத்தும் போகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைக் கட்டாதீர்கள், ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுங்கள் என்கிறது. ஸ்வீடனில் 2011இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடம் பொறுத்துக் கட்டிய பிள்ளைகளிடம் நான்காம் மாதத்தில் இரும்புக் குறைபாடு 0.6 விழுக்காடு. உடனே கட்டியவர்களிடம் 5.7. பையில் நிறைய ரத்தம் சேர வேண்டும் என்றால் சீக்கிரம் கட்ட வேண்டும். இரண்டும் ஒரே ரத்தம்தான், ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும்.

ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67.1 விழுக்காடு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4. சத்துணவும் முட்டையும் போடுகிற மாநிலத்தில் இந்த நிலை. இப்படிப்பட்ட நாட்டில், பிள்ளைக்குள் போகிற ரத்தத்தை வழியில் நிறுத்திப் பையில் பிடித்து, காசு வாங்கி வைக்கிறோம்.

என் தங்கை பிள்ளைக்கு ஒன்பதாவது மாதம் ஹீமோகுளோபின் 9 இருந்தது. சீக்கிரம் கொடியைக் கட்டியதால்தான் என்று நான் சொல்லமாட்டேன். பல காரணம் இருக்கலாம், ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இரும்புச் சொட்டு மருந்து கொடுத்துச் சரியானது. ஆனால் பிரசவ அறையில் கூட நின்ற எனக்கு, பிள்ளை அழும் முன்பே கொடி கட்டப்பட்டது தெரியும். பையை எடைபோட்டுப் பார்த்து "நல்ல கலெக்‌ஷன்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. அந்த மருத்துவமனைக்கு ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று தொகை உண்டு என்பது பிறகு தெரிந்தது. ரத்தம் குளிர்பெட்டியில் கூரியரில் போனது. நஞ்சுக்கொடி மஞ்சள் பையில் போனது. அந்தப் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போன அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எந்தச் சமூகம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடியின் ஒரு பாதிக்கு அறுபதாயிரம் விலை வந்துவிட்டது, மறு பாதியைத் தூக்குகிற கை மாறவில்லை.

ஆச்சி நஞ்சு விழுகிற வரைக்கும் கொடியை அறுக்க மாட்டார். "துடிப்பு அடங்கட்டும்" என்பார். பல ஊர் மருத்துவச்சிகளின் பழக்கம் அது. 'பார்த்தீர்களா, முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல' என்று இதையும் நான் ஃபார்வர்டு ஆக்கப்போவதில்லை. ஆச்சி அறுத்த கொடிகளில் சில பிள்ளைகளுக்குத் தனுர்வாதம் வந்து ஏழாம் நாள், எட்டாம் நாள் செத்திருக்கின்றன. ஆச்சியே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறார். தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் அரசு மருத்துவமனைப் பிரசவமும் வந்துதான் பிறந்த குழந்தைத் தனுர்வாதம் இந்த நாட்டில் கட்டுக்குள் வந்தது. 2015இல்தான் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆச்சியின் கைப்பக்குவத்தில் சரியானதும் இருந்தது, தப்பானதும் இருந்தது. அவரை மதித்து யாராவது உட்காரவைத்துப் பேசியிருந்தால் இரண்டையும் பிரித்திருக்கலாம். திண்ணையிலேயே உட்கார விடவில்லையே.

தங்கையிடம் போன மாதம்தான் இதையெல்லாம் பொறுமையாகப் பேசினேன். ஸ்டெம் செல், எச்.எல்.ஏ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இதுல பாதி எனக்கு அப்பவே தெரியும்க்கா. நெட்ல படிச்சேன். ஆனா அந்த வீட்டுல என் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு நோவு வந்தா என்ன சொல்லுவாங்க? அவ ரத்தம் அப்படின்னுதானே சொல்லுவாங்க. நான் எல்லாம் செஞ்சேன், எதையும் விடலைன்னு காட்ட ஒரு பேப்பர் வேணும்ல. அதுக்குத்தான் கட்டினேன்."

எனக்குப் பதில் வரவில்லை. இவ்வளவு நேரம் உங்களிடம் அடுக்கிய புள்ளிவிவரங்களில் அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இந்தப் பேச்சைத் தயாரிக்கத் தொடங்கினேன். அவள் எம்.எஸ்சி. படித்தவள்.

வளையலைச் சித்திரையில் மீட்டுவிட்டாள். வருடக் கட்டணம் இன்னும் போகிறது, நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த ரத்த தான முகாமில், பக்கத்தில் இன்னொரு மேசை போடுங்கள். ஸ்டெம் செல் பதிவேட்டில் சேர, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒரு தடவல் போதும். 18 வயதுக்கு மேல் இருக்க வேண்டும். பொருந்தினால் பெரும்பாலும் கையில் ஊசி போட்டு, ரத்தத் தட்டணு எடுப்பது போலவே சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். சேர்ந்துவிட்டு, கூப்பிடும்போது வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று பின்வாங்குகிறவர்கள் நம் நாட்டில் நிறைய. அதனால் வீட்டில் பேசிவிட்டு வந்து சேருங்கள். உங்கள் வீடுகளில் யாராவது முழுகாமல் இருந்தால், டாக்டரிடம் கொடியைக் கட்ட எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்விகள் கேளுங்கள். மரபணு பற்றியது என்றால் என்னிடம். மற்றது என்றால், பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என் தங்கை. அவளிடம் கேளுங்கள்.